பழைய வீடு வாங்குமுன் கேட்கும் கேள்விகள்: சென்னைப் புறநகர்த் தனி வீடுகள்

குரோம்பேட்டையில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். கட்டட வேலை நடக்கும் இடத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பதுதான் என் தொழில். வேலையை விட்ட பிறகு, வீடு வாங்கப் போகிறவர்கள் “ஒரு எட்டு வந்து பார்த்துச் சொல்லுங்களேன்” என்று கூப்பிடுவது வாடிக்கையாகிவிட்டது. பல்லாவரம், சேலையூர், மடிப்பாக்கம், அம்பத்தூர் என்று எங்கே போனாலும் வீடுதான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். சுமாராக 1975-க்கும் 2000-க்கும் நடுவில் கட்டிய தனி வீடுகளைப் பற்றித்தான் பேசுகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பு வேறு கணக்கு.

வீட்டுக்கு 35 வயசு ஆகுது. இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?

வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நல்ல தண்ணீரில் கலவை போட்டு, கட்டிய பிறகு மொட்டை மாடியையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட 1982-ம் வருஷத்து வீடு இன்னும் இருபது வருஷம் அசையாமல் நிற்கும். உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலந்த 2004-ம் வருஷத்து வீட்டில் சன்ஷேடு இப்போதே உதிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் பில்லர் கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்கும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நடுச்சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கலாம் என்று வீட்டுக்காரம்மாவிடம் இப்போதே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எப்போ போய்ப் பார்க்கிறது நல்லது? ஒரு தடவை போதுமா?

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை போங்கள். தரகர் சித்திரை வெயிலில் கூட்டிக்கொண்டு போனால் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். மழைக்காலம் வரைக்கும் காத்திருக்க முடியாது என்றால் மூன்று தடவையாவது போங்கள்: பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, தெருவில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று தெரிய இரவில் ஒருமுறை, வீட்டுக்காரரும் தரகரும் இல்லாமல் தெருவை மட்டும் பார்க்க ஒருமுறை.

ரோடு மேல இருக்கு, வீடு கீழ இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம் புறநகரில் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டார்கள். கட்டும்போது தெருவைவிட இரண்டடி உயரமாக இருந்த பேஸ்மெண்ட் இன்றைக்குத் தெருவுக்குச் சமமாகிவிட்டது. கேட்டைத் திறந்ததும் உள்ளே ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா என்று கவனியுங்கள். இறங்கினால் பெருமழையில் தெருத் தண்ணீரும் உங்கள் கூடவே இறங்கும்.

வீட்டுக்காரர் “இங்கே தண்ணியே நிக்காது சார்” என்பார். சுவரைக் கேளுங்கள். போன மாதம் சேலையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மின்சார மீட்டர் பெட்டி தலைக்கு மேலே இருந்தது. அதற்கு நேர் கீழே, இடுப்புயரத்தில், பழைய பெட்டி இருந்த சதுரத் தழும்பு பெயிண்டுக்கு அடியில் லேசாகத் தெரிந்தது. உள்ளே ஃபிரிட்ஜ் ஒரு சிமெண்ட் மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் யாரிடமும் கேட்கத் தேவைப்படவில்லை.

கேட்பதானால் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் மளிகைக் கடையிலும் கேளுங்கள். 2015 டிசம்பரில் எவ்வளவு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வருவது அடையாற்று வெள்ளம். மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் வருவது சதுப்பு நிலத்தில் வடிய முடியாமல் நிற்கும் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்துவிடும், சதுப்புத் தண்ணீர் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களே என்றால், ஆமாம், சென்னையில் நிறைய வீடுகளை அப்படி உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் செலவு பெரியது. அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துப் பார்க்க வேண்டும்.

புதுசா பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருக்கு. நல்லா வெச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்?

வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்திருந்தால் சரி. ஒரு சுவருக்கு மட்டும், அதுவும் கீழே மூன்றடிக்கு மட்டும் புதிதாகப் புட்டி வைத்து அடித்திருந்தால் அங்கே ஓதம், அதாவது சுவருக்குள் ஊறும் ஈரம், இருக்கிறது. கையால் தடவிப் பாருங்கள், மற்ற சுவரைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். நகத்தால் லேசாகக் கீறினால் மாவு மாதிரி உதிரும்.

தொழில் தெரிந்த நானே இதில் ஏமாந்தவன்தான். இப்போது குடியிருக்கும் வீட்டை வாங்கும்போது, ஹாலில் சுவரோடு ஒட்டி நின்ற மர பீரோவை நகர்த்திப் பார்க்கக் கூச்சப்பட்டேன். அடுத்தவர் வீட்டுச் சாமானை எப்படித் தொடுவது என்ற தயக்கம். அவர்கள் காலி செய்துகொண்டு போன அன்றைக்குப் பார்த்தால், பீரோ இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் பீரோவை நகர்த்தச் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஈரம் எங்கே இருக்கிறது என்பதிலேயே காரணம் தெரிந்துவிடும். தரையிலிருந்து மேலே ஏறினால் அஸ்திவாரத்து ஓதம், அதை முழுசாகத் தீர்ப்பது கஷ்டம். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் மட்டும் என்றால் பைப் கசிவு, பிளம்பரை வைத்துச் சரி செய்துவிடலாம். கூரையிலிருந்து கீழே இறங்கினால் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும்.

சீலிங்ல காரை பேர்ந்து கம்பி தெரியுது. மேஸ்திரி பூசிட்டா சரியாயிடும்னு சொல்றாரு.

பூசினால் ஒரு வருஷம் மறையும். கம்பியின் இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு உப்பும். கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளிக் கீழே விழ வைப்பது அந்த உப்பல்தான். துருவைச் சுத்தமாக எடுத்து, கம்பிக்கு மருந்து அடித்து, தேய்ந்துபோன இடத்தில் புதுக் கம்பி கட்டி, அதற்கென்று வரும் கலவையைப் போட்டால்தான் நிற்கும்.

ஒரு மூங்கில் கழியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. ‘தொப்’பென்று கேட்கும் இடத்தில் காரை கழன்றிருக்கிறது. சன்ஷேடு, லாஃப்ட்டின் அடிப்பக்கம், குளியலறைச் சீலிங் ஆகிய மூன்றும்தான் முதலில் போகும். அங்கே மட்டும் என்றால் பேரம் பேசி வாங்கலாம். படுக்கையறை, ஹால் சீலிங் முழுக்க ‘தொப்’ என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அதன் மேல் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்திருப்பார்கள். ஓட்டின் இணைப்பில் செடி முளைத்திருந்தாலோ கைப்பிடிச் சுவர் ஓரத்தில் பிளவு இருந்தாலோ அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது. இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டி, வடிகால் பக்கம் ஓடுகிறதா, தேங்குகிறதா என்று பாருங்கள்.

சுவர்ல விரிசல் இருக்கு. பயப்படணுமா?

தலைமுடி கனத்தில் வலை மாதிரி ஓடினால் அது பூச்சு விரிசல், விட்டுவிடலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியே ஏறினால், அதுவும் உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிந்தால், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. களிமண் நிலத்தில் இது சகஜம். கோடையில் மண் சுருங்கும், மழையில் உப்பும், வீடும் கூடவே ஆடும். நாணயத்தின் விளிம்பு உள்ளே போகும் அளவுக்கு இருந்தால் இன்ஜினியரிடம் காட்ட வேண்டும்.

விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்பதுதான் முக்கியம். முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வைத்து, அடுத்த முறை போகும்போது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று தடவை போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரண்ட், பைப் எல்லாம் மாத்த வேண்டியிருக்குமா?

ஏற்கெனவே மாற்றியிருந்தால் ஒழிய, ஆமாம். மரப்பட்டியில் ஓடும் ஒயர், பீங்கான் ஃபியூஸ், எர்த் இல்லாத பிளக் பாயிண்ட் இவற்றைப் பார்த்தால் முழு வயரிங்கையும் மாற்றும் செலவை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மின்விசிறி, நாலு டியூப் லைட்டுக்காகப் போட்ட ஒயரில் இரண்டு ஏ.சி. ஓட்டக் கூடாது. ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால் குழாயைத் திறந்து முதலில் வரும் தண்ணீரைப் பாருங்கள். டீ நிறத்தில் வந்தால் உள்ளே துரு அடைத்திருக்கிறது.

கிணறும் இருக்கு, போர்வெல்லும் இருக்குன்னு சொல்றாங்க. தண்ணிக் கஷ்டம் வராதில்லையா?

பங்குனி, சித்திரையில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை கீழே கெட்டிப் பாறை. பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் ஊறும். பக்கத்து மனையில் கொட்டுகிறது என்றால் உங்கள் மனையிலும் கொட்டும் என்று அர்த்தமில்லை.

தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் ஒன்றில் கொடுத்துப் பாருங்கள். கரைந்த உப்பு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரைக்கும் அனுமதி உண்டு. செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கிணற்றுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் காட்டச் சொல்லுங்கள். அரை கிரவுண்டு (1200 சதுர அடி) மனையில் இரண்டும் எதிரெதிர் மூலையில் இருந்தாலே பெரிய விஷயம். பாதாளச் சாக்கடை வந்துவிட்டது என்றால் இணைப்பு கொடுத்ததற்கான ரசீதைக் கேளுங்கள். தெருவில் மேன்ஹோல் இருக்கிறது என்பதற்காக வீட்டுக்கு இணைப்பு இருக்கிறது என்று ஆகிவிடாது.

மேல ஒரு மாடி கட்டி வாடகைக்கு விடலாமா?

மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி “மாடிக்கு விட்டுத்தான் கட்டியிருக்கோம்” என்பார்கள். முப்பது வருஷம் மழையில் நனைந்த அந்தக் கம்பியை நம்பி எதையும் ஏற்ற முடியாது. அஸ்திவாரத்தை ஒட்டி ஓரிடத்தில் குழி தோண்டி ஆழம், அகலம், மண் மூன்றையும் இன்ஜினியர் பார்க்க வேண்டும். நாலரை அங்குலச் சுவர் மேல் எதுவும் ஏற்றக் கூடாது. விமான நிலையத்தைச் சுற்றிய பகுதியில் உயரக் கட்டுப்பாடும் உண்டு.

ஏற்கெனவே மாடி இருந்தால் அதற்குத் தனியாகத் திட்ட அனுமதி வாங்கினார்களா என்று கேளுங்கள். கீழே மட்டும் அனுமதி, மேலே இஷ்டத்துக்குக் கட்டியது என்ற கதை ரொம்பவும் சாதாரணம். அப்படிப்பட்ட வீட்டில், அனுமதியில் இருக்கும் பகுதியை மட்டும் கணக்கில் எடுத்து வங்கி மதிப்புப் போடலாம்.

பத்திரம் அவர் பேர்ல இருக்கு, பட்டாவும் இருக்கு. வேற என்ன பார்க்கணும்?

அவருக்கு விற்றவர் யார், அவருக்கு முன்னால் யார் என்று தாய்ப்பத்திரம் (சொத்தின் மூலப் பத்திரம்) வரை சங்கிலி அறாமல் வர வேண்டும். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருஷத்துக்கு எடுங்கள். இணையத்தில் வராத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும். அதில் வங்கிக்கு ஆவணம் ஒப்படைத்த பதிவு ஒன்று இருந்து, அதை முடித்துவைத்த ரசீதுப் பதிவு இல்லையென்றால் கடன் இன்னும் உயிரோடு இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும். “கட்டி முடிச்சாச்சு, பதிவு பண்ணல” என்றால் பண்ணிவிட்டு வரச் சொல்லுங்கள்.

பட்டாவை மட்டும் நம்பக் கூடாது. 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது பெயரும் அளவும் மாறிப்போன பட்டாக்கள் நிறைய. உட்பிரிவு ஆகாத கூட்டுப் பட்டாவாக இருந்தால் பக்கத்து மனைக்காரர்கள் பெயரும் அதில் இருக்கும். பத்திரத்தில் உள்ள நான்கெல்லை, புலப்படம் (அரசின் நில அளவை வரைபடம்), நாடா வைத்து நீங்களே அளந்த அளவு ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அளக்காமல் வாங்கி, காம்பவுண்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்காரர் இடத்தில் ஒன்றரை அடி இருப்பதைப் பிறகு கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, பலரும் விடுவது: நில உச்சவரம்பு, அதாவது நகரப் பகுதியில் ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற சட்டம். 1978-ம் வருஷச் சட்டம் 1999-ல் நீக்கப்பட்டாலும், அதற்கு முன்பே அரசு கையகப்படுத்திய நிலங்களில் சிக்கல் இன்னும் இருக்கிறது. ஏரி உள்வாய் (ஏரியின் உட்பகுதி நிலம்), புறம்போக்கு, கோயில் நிலம் இவற்றோடு இதையும் சேர்த்து வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பஞ்சாயத்து அப்ரூவல் மனைதான், ஆனா வீடு கட்டி 30 வருஷமாச்சு. பிரச்சினை வருமா?

மனைப்பிரிவுக்கு அனுமதி தர வேண்டியது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககம். பஞ்சாயத்துத் தலைவர் போட்ட முத்திரை அதற்கு ஈடாகாது. 2016-ல் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளின் பதிவைத் தடுத்த பிறகு, 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளுக்கு அதில் வழி செய்திருந்தார்கள். வீட்டுக்காரர் வரன்முறை உத்தரவு வாங்கியிருந்தால் பிரதி கேளுங்கள். இல்லையென்றால் வங்கிக் கடனும், பின்னால் இடித்துக் கட்டும்போது திட்ட அனுமதியும் முட்டிக்கொள்ளும். அந்தத் தலைவலியை விற்பவரே தீர்த்துத் தரட்டும்.

அப்பா பேர்ல இருந்த வீடு, அவர் காலமாயிட்டார். மூத்த மகன் விக்கிறார். வாங்கலாமா?

மகன் ஒருவர் கையெழுத்து மட்டும் போதாது. அப்பா தானாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதவில்லை என்றால், 1956-ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பாட்டிக்கும் பங்கு உண்டு. பாட்டி பிறகு போய்விட்டால் அந்தப் பங்கு அவருடைய வாரிசுகளுக்கு, அதாவது சித்தப்பா, அத்தைமார்களுக்கும் போகும். வாரிசுச் சான்றில் பாட்டி பெயரை விட்டிருப்பார்கள், கவனியுங்கள்.

“தங்கச்சிக்குக் கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சு, அவங்க கேட்க மாட்டாங்க” என்பது சட்டத்தில் செல்லாது. தங்கை பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லை தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

ஓனர் அமெரிக்காவுல. தம்பிக்கு பவர் கொடுத்திருக்கார். அது போதுமா?

பவர், அதாவது தன் சார்பில் விற்க ஓனர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், செல்லுபடியாக இருந்தால் தம்பி விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும், பவரை ரத்து செய்திருக்கக் கூடாது. உயிரோடு இருப்பதற்கான சான்றைப் பதிவின்போது கேட்பார்கள். வீடியோ அழைப்பில் ஓனரிடம் நீங்களே ஒருமுறை பேசிவிடுங்கள். விற்பனைப் பத்திரமே இல்லாமல் பவரையும் ஒப்பந்தத்தையும் மட்டும் கைமாற்றிக்கொண்டால் சொத்து உங்களுடையது ஆகாது. 2011-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இன்னொரு விஷயம் வரி. விற்பவர் இந்தியாவில் இருப்பவர், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் நீங்கள் விலையில் 1% வரியை (டி.டி.எஸ்.) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். (இது வேறு டி.டி.எஸ்., மேலே சொன்ன தண்ணீர் உப்பு இல்லை.) வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வீதம் இதைவிட எவ்வளவோ அதிகம், 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். ஆடிட்டரைப் பாருங்கள்.

பேங்க்ல லோன் கொடுக்கிறாங்கன்னா பேப்பர் எல்லாம் சரியாத்தானே இருக்கும்?

வங்கி வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். கடன் கொடுப்பது என்பது உங்கள் வருமானம், கடன் அளவு எல்லாம் சேர்த்து வங்கி எடுக்கும் முடிவு. சீலிங்கைத் தட்டிப் பார்ப்பதும் அந்த வக்கீலின் வேலை இல்லை. நீங்கள் தனியாக ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரங்கள், முழுச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

விலை எப்படிப் பேசறது? “வீடு சூப்பர் கண்டிஷன், அதுக்கே இவ்வளவு”ன்னு கேக்கிறாங்க.

அதே தெருவில் காலி மனை என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. மனை விலையைத் தனியே எழுதுங்கள். கட்டடத்துக்கு, இன்றைக்கு அதே வீட்டைக் கட்ட ஆகும் செலவில் வயதுக்கேற்பக் கழித்துக்கொண்டே வர வேண்டும். அதற்குப் பிறகு வயரிங், பைப், தட்டோடு, சீலிங் என்று மேலே பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் அந்தந்த ஆளிடம் விலை வாங்கி, அந்தத் தாளோடு பேச உட்காருங்கள். “கொஞ்சம் குறைச்சுக்கங்க” என்று கெஞ்சுவதைவிட “தட்டோடு மாத்த இவ்வளவு ஆகுது” என்று காட்டினால் எதிரில் இருப்பவர் கணக்குப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பதிவுச் செலவையும் மறக்காதீர்கள். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 2023 மார்ச் வரை பதிவுக் கட்டணம் 4% ஆக இருந்தது. அதைக் குறைத்தபோதே வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு வைக்கும் நில மதிப்பு) ஏற்றிவிட்டார்கள்.

வாஸ்து பார்க்கணுமா?

உங்கள் வீட்டில் நம்பிக்கை இருந்தால் அட்வான்ஸுக்கு முன்னால் பாருங்கள். வாங்கிய பிறகு பார்த்துவிட்டு, சமையலறையை மாற்றச் சுவரை இடிக்கப் போகாதீர்கள். முதல் கேள்வியில் சொன்ன ஒன்பது அங்குலச் சுவர் நினைவிருக்கட்டும்.

வாடகைக்கு ஆள் இருக்காங்க. பதிவு முடிஞ்சதும் காலி பண்ணிடுவாங்களாம்.

பதிவுக்கு முன்னால் காலி செய்யட்டும். ஒப்பந்தத்திலேயே “காலியான வீட்டின் சாவியோடு” என்று எழுதிக்கொள்ளுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுங்கள், மீதியைப் பதிவு நாளில் கொடுங்கள். மின் கட்டணம், சொத்து வரி, குடிநீர் வரி பாக்கி இல்லை என்பதற்கான ரசீதுகளும் அன்றைக்கே கைக்கு வர வேண்டும்.

பதிவு முடிஞ்சு சாவி வாங்கியாச்சு. முதல்ல என்ன பண்ணணும்?

பட்டா, மின் இணைப்பு, சொத்து வரி மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த முறை நீங்கள் விற்கும்போது இதே கேள்வியை வேறு யாராவது கேட்பார்கள். செப்டிக் டேங்கைக் காலி செய்யுங்கள், பூட்டுகளை மாற்றுங்கள். மழைநீர்த் தொட்டியை எட்டிப் பாருங்கள். 2003-ல் கட்டாயமாக்கியபோது எல்லா வீட்டிலும் ஒரு பைப் இறக்கினார்கள். பாதி வீடுகளில் அது இன்றைக்கு மண்ணில் முடிகிறது. சாமான் ஏற்றுவதற்கு முன்னால், வெறும் வீடாக இருக்கும்போதே, கரையான் மருந்து அடித்துவிடுங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். அரை அடி தள்ளியே இருக்கட்டும்.